தங்கவயலின் சில்லறைத் திருடன்

2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் பக்கம் மூடிக் கிடந்த சுரங்கம் ஒன்றுக்குள் இரவில் சிலர் திருட இறங்கினார்கள். அவர்களில் மூன்று பேர் உயிரோடு மேலே வரவில்லை. செய்தி இரண்டு நாள் பத்திரிகைகளில் வந்தது. சுரங்கம் மூடி அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. காற்றோட்ட இயந்திரங்கள் என்றைக்கோ நின்றுபோய், அடியில் தண்ணீர் ஏறி, மூச்சுவிடக் காற்றில்லாமல் கிடந்த பொந்து அது. ஒரு வேகமான குற்றநாவலுக்கு வேண்டிய எல்லாமே இந்தச் சம்பவத்தில் இருக்கின்றன: சின்ன ஆட்கள், அவசரத் திட்டம், எல்லோருக்கும் தெரிந்த இடம், யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு தப்பு.

இப்படிப்பட்ட திருடனை நம் குற்றக்கதைகள் ஏன் அதிகம் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தங்கவயல் என்றதும் இன்று நாட்டுக்கே நினைவுக்கு வருவது திரையில் சாம்ராஜ்யம் கட்டும் ஒரு நாயகன். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊரின் காவல்நிலையங்களும் நீதிமன்றங்களும் பார்த்த முகம் வேறு. கோவணத்திலோ சோற்றுத் தூக்கிலோ ஒரு துண்டுக் கல்லை ஒளித்து வந்து பிடிபட்ட கூலியின் முகம் அது. தங்கவயலின் உண்மையான குற்றக்கதை அவனுடையது என்று நான் நினைக்கிறேன். சொதப்பிய கொள்ளையைப் பற்றிய சின்ன, விறுவிறுப்பான நாவல் என்ற வடிவம் அந்தக் கதைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அதற்குக் காரணம் அந்த ஊரின் சட்டத்திலும் பாறையிலும் இருக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். அயர்லாந்துக்காரரான மைக்கேல் லவெல் என்ற முன்னாள் படைவீரருக்கு மைசூர் சமஸ்தானம் இங்கே சுரங்கம் தோண்ட 1875இல் உரிமை கொடுத்தது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் பெருகின. வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து தமிழ்க் கூலிகள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலிகள் வந்த வேகத்திலேயே தங்கத் திருட்டு பற்றிய புகார்களும் கம்பெனியிடமிருந்து மைசூர் அரசுக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சுரங்கங்களுக்கென்று தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. அதன் சாரம் இதுதான்: தங்கம் கலந்த கல்லோ, பாதரசக் கலவையோ, மில்லின் கசடோ ஒருவன் கையில் இருந்தால் அது நேர்மையாக வந்தது என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். மற்ற ஊர்களில் திருட்டை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பாரம். இங்கே அந்தப் பாரம் கூலியின் தலையில் ஏறியது. சட்டத்தோடு தனிக் காவல் அமைப்பும் வந்தது. இன்றைக்கும் கோலார் மாவட்டத்துக்குள் தங்கவயல் தனிப் போலீஸ் மாவட்டம், தனி எஸ்.பி.யோடு. மற்ற ஊர்களில் அரிதாகவே காணக்கூடிய இந்த ஏற்பாடு தங்கத்தைக் காக்கும் கவலையோடு சேர்ந்து வளர்ந்தது.

கம்பெனியின் பார்வையில் கீழே இறங்கிய ஒவ்வொருவனும் மேலே வரும்போது திருடனாக இருக்கக்கூடியவன். அதனால் சோதனை. உடம்பைத் தடவி, துணியை உதறி, தூக்கைத் திறந்து பார்ப்பது. எட்டு மணி நேரம் பாறைச் சூட்டில் வெந்துவிட்டு கேஜில் ஏறி வருபவனுக்கு முதலில் கிடைத்த மரியாதை இது. 1930இல் கம்பெனிகள் இன்னும் ஒரு படி போய் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்ய முனைந்தபோது தங்கவயல் மொத்தமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. சங்கம் என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம் அது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக நின்று, கம்பெனிகளைப் பின்வாங்க வைத்தார்கள். உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டால் அந்தக் கோபம் புரியும். விரலில் மை தடவுவது என்றால் அன்றைக்கு ஜெயில் என்று பொருள். கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டங்களைவிட இந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்களைத் திருடர்கள் என்று எழுதிவைக்காதே என்பதற்காக ஓர் ஊரே வேலையை விட்டது.

ஆனாலும் திருட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. அது எப்படி நடந்திருக்க முடியும் என்பதை விவரமாகப் பார்க்க வேண்டும். குற்றநாவல் எழுத விரும்புகிறவருக்கு இங்கேதான் கதை இருக்கிறது.

தங்கவயலின் தங்கம் கட்டி கட்டியாகக் கிடைப்பதில்லை. வெள்ளைப் படிகக்கல்லுக்குள், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கிறது. தொடக்கக் காலத்தில் நல்ல இடங்களில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல்கூடக் கிடைத்தது. கடைசிக் காலத்தில் மூன்று, நான்கு கிராமுக்கு இறங்கிவிட்டது. நான்கு கிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவன் தினம் ஒரு கிலோ கல்லை யார் கண்ணிலும் படாமல் வெளியே கொண்டுவந்தால் அதில் இருப்பது நான்கு மில்லிகிராம். வருடத்துக்கு 250 நாள் இப்படிச் செய்தால் வருடக் கடைசியில் ஒரு கிராம். கால் டன் கல்லை வீட்டில் குவித்து, இடித்து, சலித்து, அந்த ஒரு கிராமுக்காக ஜெயிலையும் வேலையையும் பணயம் வைப்பவன் எவனும் இல்லை. ஆகவே கல்லில் கண்ணுக்குத் தெரிகிற பொன்னிழை ஓடும் இடத்தில் வேலை செய்பவனால்தான் திருட முடியும். அது அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இல்லையென்றால் மில்லில் வேலை செய்பவனாக இருக்க வேண்டும்.

மில்லில் கல்லை இடித்துக் கூழாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மேல் ஓடவிடுவார்கள். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். தகட்டிலிருந்து சுரண்டி எடுக்கும் அந்த வெளிறிய களிமண் போன்ற கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கம் இருக்கும். கட்டைவிரல் நுனியளவு ஒளித்துக்கொண்டாலே ஒரு குடும்பத்துக்குப் பல மாதச் சாப்பாடு. திருடத் தகுந்த பொருள் இதுதான். சட்டம் பாதரசக் கலவையைக் குறிப்பாகப் பிடித்துக்கொண்டதன் காரணமும் இதுதான்.

கலவையை வெளியே கொண்டுவந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? துணியில் போட்டுப் பிழிந்தால் உபரிப் பாதரசம் வடியும். மீதியை நெருப்பில் காட்ட வேண்டும். பாதரசம் ஆவியாகிப் போனபின் நுரைத்த கட்டியாகத் தங்கம் நிற்கும். கம்பெனி இதை மூடிய வாலையில் செய்தது. திருடியவனுக்கு இருந்தது கூலிகளின் லைன் குடியிருப்பில் ஓர் அறை வீடு, பத்தடிக்குப் பத்தடி, ஒரு பக்கம் அடுப்பு, இன்னொரு பக்கம் பிள்ளைகள் தூங்கும் பாய். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டின் இருமல் கேட்கும். நள்ளிரவில் இரும்புக் கரண்டியை அடுப்பில் வைத்து அவன் கலவையைக் காய்ச்சினால், நிறமில்லாத அந்த ஆவி அந்த அறையில்தான் நிற்கும். பாயில் தூங்கும் பிள்ளைகள் அதைத்தான் மூச்சில் இழுப்பார்கள். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி என்று நஞ்சு பிறகு மெல்ல மெல்லத் தலைகாட்டும். சுரங்கத் தூசியால் நுரையீரல் ஏற்கெனவே இறுகிப்போன தகப்பன் வீட்டுக்குள் இன்னொரு விஷத்தைக் கொண்டுவருகிறான். நல்ல குற்றநாவலின் பயங்கரமான அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. துப்பாக்கியும் துரத்தலும் இதற்குப் பிறகு வருபவை.

கட்டி கிடைத்தபின் அதை வாங்க ஆள் வேண்டும். தங்கவயல் தங்கத்தில் இயற்கையாகவே கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் எவருக்கும் அது கடைத் தங்கம் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துகொண்டவர் விலையைப் பாதியாகவோ கால்வாசியாகவோ அடித்துக் கேட்பார். திருடியவனால் பேரம் பேச முடியாது. போலீசுக்குப் போ என்று அவர் சொன்னால் முடிந்தது. திருட்டின் லாபம் எப்போதும் வாங்குகிறவரிடம் போய்ச் சேர்கிறது, தண்டனை எடுத்தவனிடம் தங்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் கூலி செய்யும் எந்தக் கொள்ளையும் தொடங்கும்போதே பாதி தோற்றுப்போனதுதான். வேறு ஊரில் நாவலாசிரியர் தற்செயலை நுழைத்துக் கொள்ளையைக் கெடுக்க வேண்டியிருக்கும். தங்கவயலில் அந்த வேலையைப் பாறையும் பாதரசமும் உரைகல்லுமே செய்துவிடுகின்றன.

தமிழில் குற்றக்கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் அதில் வருகிறார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்த வழியை அகலப்படுத்தினார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால். 1968இல் சுஜாதா 'நைலான் கயிறு' வழியாகக் கணேஷை அறிமுகப்படுத்தினார். தங்கவயலிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர் அவர். எண்பதுகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. ராஜேஷ்குமார் மட்டுமே 1500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். இந்த வாசிப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. தமிழில் உரைநடையைக் கடைக்கோடி வாசகனிடம் கொண்டுசேர்த்ததில் மாத நாவலுக்கு இருக்கும் பங்கு பெரியது. வாசகனை அடுத்த பக்கத்துக்கு இழுத்துப்போகும் கலையை இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

ஆனால் இந்த வரிசை முழுக்கக் கதையைப் பிடித்து நடத்துபவர் துப்பறிகிறவர். கோவிந்தன், சங்கர்லால், கணேஷ் வசந்த், விவேக், பரத் சுசீலா, நரேந்திரன் வைஜயந்தி. குற்றம் செய்தவன் கடைசி அத்தியாயத்தில் வந்து விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறவன். அவன் பெரும்பாலும் படித்தவன், வசதியுள்ளவன், ஒரு ரகசியம் வைத்திருப்பவன். சில்லறைத் திருடன் இந்தக் கதைகளுக்குள் வந்தால் சாட்சி சொல்லவோ அடி வாங்கவோதான் வருகிறான். புதிரை அவிழ்ப்பதில் மகிழும் கதைக்கு அவன் பயன்படமாட்டான், அவனிடம் புதிர் எதுவும் இல்லை. என்ன செய்தான், ஏன் செய்தான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அவன் கதையில் எஞ்சியிருப்பது ஒரே கேள்விதான்: தப்புவானா?

அந்தக் கேள்வியை எழுதியவர்களைத் தேட மாத நாவலைவிட்டு வெளியே வரவேண்டும். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வந்தது. கந்தன் என்ற விளிம்புநிலை மனிதனின் ஒரே நாள். தீர்ப்பும் இல்லை, இரக்கப் பேச்சும் இல்லை, நாள் நகர்கிற வேகத்தில் அவனும் நகர்கிறான். தமிழில் ஒரு சில்லறைக் குற்றவாளியை அவன் உயரத்திலேயே நின்று பார்த்த நாவல் என்று இன்றுவரை இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையாளத்தில் ஜி. ஆர். இந்துகோபன் பதிவு செய்த 'திருடன் மணியன்பிள்ளை' குளச்சல் மு. யூசுஃப் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்து, மொழிபெயர்ப்புக்கான சாகித்ய அகாதெமி பரிசையும் வாங்கியது. திருடுகிறவனுக்குத் தொழில்நுணுக்கம் உண்டு, அதோடு தீராத பயமும் உண்டு என்பதை அந்தப் புத்தகம் தமிழ் வாசகருக்குக் காட்டியது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' இன்னொரு திசையிலிருந்து வருகிறது. செய்யாத திருட்டுக்காகக் குண்டூர் காவல்நிலையத்தில் சித்திரவதைப்பட்ட தமிழ்க் கூலிகளின் கதை அது. வெற்றிமாறன் அதிலிருந்து 'விசாரணை'யை எடுத்தார். சினிமாவில் நவீனின் 'மூடர் கூடம்' 2013இல் சொதப்பிய கொள்ளையையே முழுப்படமாக்கிப் பார்த்தது. ஆக, தமிழுக்கு இந்த மனிதன் புதியவன் இல்லை. அவனை இன்னும் தங்கவயலுக்கு அழைத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

வெளியே பார்த்தால் இந்த வடிவம் எங்கெல்லாம் வேர்பிடித்ததோ அங்கெல்லாம் அது ஒரு குறிப்பிட்ட ஊரின் தொழிலையும் பேச்சையும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறது. ஜார்ஜ் ஹிக்கின்ஸ் பாஸ்டன் பக்கம் அரசு வழக்கறிஞராக இருந்தவர். 1970இல் வந்த 'தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் எடி கோயில்' வங்கிக் கொள்ளையர்களுக்குத் துப்பாக்கி வாங்கித் தரும் ஒரு சின்ன ஆளைப் பற்றியது. பெரும்பகுதி வெறும் பேச்சு. அந்தப் பேச்சிலேயே ஊர், பயம், காட்டிக்கொடுத்தல் எல்லாம் வந்துவிடுகின்றன. டபிள்யூ. ஆர். பர்னெட்டின் 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' 1949இல் வந்தது. நகைக் கொள்ளையைப் பாழாக்குவது போலீசைவிட, பொருளை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன மரியாதைக்குரிய வக்கீலின் துரோகம். நம் உரைகல்காரருக்கு அவர் பங்காளி. பி. டிராவனின் 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே' 1927இல் வந்தது. அதில் வழிப்பறிக்காரர்கள் ஒருவனைக் கொன்று, மூட்டையில் இருந்த தங்கத்தூளை மணல் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். தங்கத்தைத் தங்கமாகப் பார்க்கத் தெரிந்திருப்பதே ஓர் அறிவு என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன குற்றக்கதை எனக்குத் தெரியவில்லை. தங்கவயலில் அந்த அறிவு தலைமுறை தலைமுறையாகக் கூலிகளிடம் இருந்தது. கல்லின் நிறத்தைப் பார்த்தே இழை எங்கே போகிறது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு துணுக்குக்கும் உரிமை இல்லை.

திரையில் தங்கவயல் என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரசாந்த் நீலின் 'கே.ஜி.எஃப்' முதல் பாகம் 2018 டிசம்பரிலும் இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலிலும் வந்தன. மில்லின் கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகள் படப்பிடிப்புக் களமாயின. படத்தின் வேகம், உழைப்பு, ஒளி எல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் அது காட்டும் காலத்தில் அப்படி ஒரு தனியார் கொத்தடிமைச் சுரங்கம் தங்கவயலில் இல்லை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் வந்தது. அங்கே சங்கங்கள் இருந்தன, சிவப்புக்கொடிகளும் அம்பேத்கர் படங்களும் இருந்தன, 1946இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆறு தொழிலாளர்களின் நினைவு இருந்தது. அந்த மக்கள் ஒரு மீட்பரை எதிர்பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. 1990களில் போலீஸ் சுட்டதில் இறந்த உள்ளூர் ரவுடி ஒருவனின் வாழ்க்கையைத்தான் படமாக்கிவிட்டார்கள் என்று அவனுடைய குடும்பத்தார் நீதிமன்றம் போனதும், படக்குழு அதை மறுத்ததும் செய்தியாக வந்தன. உண்மை எதுவானாலும், சின்ன நகைக்கடைக் கொள்ளைகளில் தொடங்கி அவசரமாக முடிந்துபோகும் வாழ்க்கைக்கும் திரையில் எழும் சக்கரவர்த்திக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் என்னை உறுத்துகிறது. 2024 ஆகஸ்டில் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' உழைத்தவர்கள் யார் என்பதைத் திருப்பி எழுதியது, அதற்காக மதிக்கிறேன். ஆனால் அது மூதாதையரின் புராணம். சம்பளக் கவரை எண்ணிப் பார்க்கும் மனிதன் அதில் இல்லை.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். தங்கவயல் மக்களைத் திருடர்களாகப் பார்த்த கம்பெனியின் கண்ணையே நாவலும் வாங்கிக்கொள்ளாதா? அதுவும் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரைப் பற்றி? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. லவெல் பெங்களூருக்கு வந்துசேர்ந்த அதே 1871இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. பிறப்பாலேயே திருடர்கள் என்று சமூகங்களை அரசு பட்டியலிட்ட காலம். அந்தச் சட்டம் 1952இல் நீங்கியபின்னும் காவல்நிலையங்களின் பழக்கம் நீங்கவில்லை. தங்கவயலுக்கு வேறொரு முகம் உண்டு என்பதும் உண்மை. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் 1926இல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்து நூல்களை வெளியிட்டது. பாறைக்கடியில் வேலை செய்துவிட்டு வந்து அச்சகம் நடத்திய ஊர் இது.

என் பதில் இதுதான். எல்லோரையும் திருடர்கள் என்று சந்தேகிக்கிறவனுக்கு எந்த ஒரு திருடனையும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. கைரேகைப் பதிவேடு ஆயிரக்கணக்கான விரல்களைப் பார்க்கிறது, ஒரு முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரே ஒருவனை எடுத்து, அவன் எந்தக் கடனுக்காக, எந்த வட்டிக்காரனுக்குப் பயந்து, எந்த இரவில், யார் யாரை நம்பி இறங்கினான் என்று எழுதும்போது அந்தப் பொதுச் சந்தேகம் உடைகிறது. அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் திருடவில்லை, அவரும் கதையில் இருப்பார். அண்ணன் கம்யூனிஸ்ட் சங்கத்தில் இருப்பான், அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ விகாரைக்கோ போவாள். திருடனை அவனுக்குரிய அளவில் எழுதினால் ஊர் அவனைவிடப் பெரிதாகத் தெரியும். 'கே.ஜி.எஃப்' படத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

அப்படி ஒரு நாவல் இன்றைய தங்கவயலில் நடந்தால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் களம் அபாரமானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த ஊரில் அதன் பிறகு பலருக்கும் பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, ராத்திரி திரும்புவது. 2020 மார்ச் கடைசியில் அந்த ரயிலும் நின்றது. தினக்கூலியில் வாழ்ந்த வீடுகளில் ஏப்ரல் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் அந்த மே மாத இரவை எழுத முடியாது.

ரயில்பாதை மாரிக்குப்பத்தோடு முடிகிறது. தப்பி ஓடுகிறவன் ரயிலை நம்பினால் பங்காரப்பேட்டை வழியாகத்தான் போகவேண்டும், அங்கே எல்லா வண்டியும் நிற்கும். சாலையில் போனால் ஆந்திர எல்லை கொஞ்ச தூரம், தமிழ்நாட்டு எல்லையும் பக்கம்தான். மூன்று மாநிலப் போலீஸ், மூன்று மொழி எழுதும் காவல்நிலையங்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கன்னடம், பழைய கம்பெனிக் காகிதங்களில் ஆங்கிலம். பிடிபட்டவன் தமிழில் சொன்னது கன்னடத்தில் எழுதப்பட்டு, அதன் கீழே அவன் கையெழுத்து வாங்கப்படும். அவன் சொல்லாத ஒரு வரி நடுவில் நுழைந்திருந்தால் அவனுக்குத் தெரியாது.

சட்டமும் கதைக்கு உதவும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நம் சட்டப்படி நீதிமன்றத்தில் செல்லாது. அவன் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் மட்டும் அந்தத் தகவல் செல்லும். ஆகவே போலீசுக்குப் பொருள் வேண்டும். திருடப் போனவன் கையில் ஒன்றுமே சிக்காமல் பிடிபட்டால்? சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்குக் கிடைத்தது துருப்பிடித்த கேபிளும் தண்ணீரும்தான் என்றால்? வழக்கை நிற்கவைக்க எங்கிருந்தோ தங்கம் வரவேண்டும். அந்தத் தங்கம் யாருடையது, யார் கொடுத்தது, ஏன் கொடுத்தார் என்று கதை அங்கிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். உரைகல்காரரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் வராமல் இருப்பதற்கும் அந்தத் தங்கத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும். மாத நாவலின் 100 பக்கத்துக்குள் அடங்கக்கூடிய கதைதான் இது. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் ஒரே மூச்சில் படிக்கவைக்கும்.

அப்படி எழுதுகிறவர் விவரத்தில் ஏமாற்றக்கூடாது. சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் திருடன் அவ்வளவு ஆழம் போனான் என்று எழுதிவிடக்கூடாது. வேலை நடந்த காலத்திலேயே அங்கே பாறை 60 டிகிரிக்கு மேல் கொதித்தது, குளிர்காற்று அனுப்பித்தான் ஆட்கள் நின்றார்கள். இன்று இறங்குகிறவன் சில நூறு அடி போவதே பெரிது. தங்கம் எடை கூடிய பொருள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு தீப்பெட்டியின் அளவுக்குத் தங்கம் இருந்தால் 400 கிராமுக்கு மேல் எடை இருக்கும். கதாநாயகன் கல்லாப்பெட்டி நிறையத் தங்கத்தை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கதை தங்கவயலில் படிக்கப்பட்டால் முதல் தெருவிலேயே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எழுத வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஸ்டில்ஃபோன்டீன் என்ற இடத்தில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்துக்குள் இதேபோல் சட்டவிரோதமாக இறங்கிப் பல மாதம் இருந்தவர்களில் 78 பேரின் உடல்களை 2025 ஜனவரியில் மேலே எடுத்தார்கள். மேலே வரும் வழிகளைப் போலீஸ் சுற்றி வளைத்து, சாப்பாடு போவதைத் தடுத்திருந்தது. குற்றவாளிகளுக்கு உதவ மாட்டோம் என்று அந்த நாட்டு அமைச்சர்கள் பேசினார்கள். ஜோகன்னஸ்பர்க் பத்திரிகைகள் அதைப் பல வாரம் எழுதின, வழக்குகள் நடந்தன, இறந்தவர்களின் ஊர்களுக்கு நிருபர்கள் போனார்கள். மாரிக்குப்பத்தில் இறந்த மூன்று பேருக்கு இரண்டு நாள் செய்தி கிடைத்தது. அவர்களின் தாத்தாக்கள் என்ன வேலை செய்தார்கள், சுரங்கம் மூடியபோது அவர்களுக்கு என்ன வயது, எந்தச் சாஃப்டின் எந்த மட்டத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதவேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. செய்தித்தாள் அதைச் செய்யாதபோது அந்த வேலை நாவலுக்கு வருகிறது.

இதற்கிடையே சயனைடு மேடுகளுக்கும் ஆள் வந்துவிட்டது. மில்லிலிருந்து கொட்டிய கழிவுமண் மேடுகள் 13ஐ மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, ஏறக்குறைய 1000 ஏக்கர் நிலத்தில், கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் கொடுத்தது. அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. சட்டையில் ஒளித்துக் கொண்டுபோக அங்கே எதுவும் இல்லை. காற்றடிக்கும்போது அந்தத் தூள் லைன் வீடுகளின் சோற்றுப்பானையில் இத்தனை காலம் விழுந்துகொண்டிருந்தது. மேடுகளைச் சுற்றி வேலி வந்து, வாசலில் காவலாளி நின்று, உள்ளூர்க்காரர்கள் தினக்கூலிக்கு உள்ளே போய்வரத் தொடங்கினால், சாயங்காலம் வெளியே வரும்போது அவர்களை மறுபடி தடவிப் பார்ப்பார்களா என்பதை அந்த வாசலில் நின்று கவனிக்க ஓர் எழுத்தாளர் இருக்க வேண்டும்.